கிரீடம் இல்லாத பாரதமாதா

ஜமீலா சித்தூரில் ஒரு தனியார் பள்ளியின் ஓவிய ஆசிரியை. திருப்பதியில் அறிவித்திருந்த ‘சுதேசி வழி’ ஓவியப் போட்டிக்காகக் கோடை விடுமுறை முழுவதும் ஒரே படத்தை எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தாள். பிச்சாட்டூரில் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையின் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. நடுவில் நிற்பவளைத்தான் பாரதமாதாவாக நினைத்து வரைந்திருந்தாள். கிரீடமும் சிங்கமும் வைக்கவில்லை.

அமைப்பாளர் சாரங்கபாணி கல்லூரியில் ஓவிய வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். படம் நன்றாக இருக்கிறது, ஆனால் போட்டியில் சேர்க்க முடியாது என்றார். எண்ணெய்ச் சாயம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. சுதேசி இயக்கக் காலத்தில் கல்கத்தா ஓவியர்கள் அதை உதறிவிட்டு, நீர்ச்சாயத்தைக் கழுவிக் கழுவித் தீட்டும் ‘வாஷ்’ முறைக்கு வந்த பிறகுதான் நம் ஓவியம் நம்முடையதாயிற்று. போட்டியே அதை நினைவுகூரத்தான் என்று விளக்கினார்.

ஜமீலா படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு சித்தூர் பஸ் ஏறினாள். பாகாலா வரைக்கும் அவமானமாக இருந்தது. அதைத் தாண்டியதும் கோபம் வந்தது. மறுநாள் படத்தோடு திரும்பப் போனாள்.

“சார், வாஷ் நம்மளுதுன்னு சொல்லிக்கினு இருக்கீங்க. கல்கத்தாவுக்கு வந்த ஜப்பான்காரங்க கிட்டதானே அதுல பாதிய கத்துக்கினாங்க?”

சாரங்கபாணி கண்ணாடியைக் கழற்றினார். “தெரியும்மா. வெள்ளைக்காரனை எதிர்க்க ஆசியாவே ஒண்ணுன்னு நெனச்ச காலம். எங்கயாவது ஒரு கோடு போட்டாத்தானே எதிர்க்க முடியும்?”

“அப்போ வேணும், சரி. இப்பவும் அதே கோட்ட வெச்சிக்கினு என்னை வெளிய நிறுத்தறீங்க. எண்ணெயில சாமி வரைஞ்சவங்கள மொதல்ல தலையில தூக்கி வெச்சாங்க, அப்புறம் அன்னியம்னு தள்ளினாங்க. அவங்களும் இந்த ஜனங்களுக்குத்தானே வரைஞ்சாங்க?”

விதியை அச்சடித்தாகிவிட்டது, தன்னால் மாற்ற முடியாது என்றார் அவர்.

“பரிசு வேணாம் சார். மாட்டறதுக்கு ஒரு ஆணி குடுங்க.”

அவர் மற்ற அமைப்பாளர்களிடம் பேசினார். பாரதமாதாவுக்கு கம்பெனி அட்டையா என்று ஒருவர் முகம் சுளித்தார். ‘பாரதமாதா’ என்ற தலைப்பையாவது மாற்றச் சொன்னார்கள். ஜமீலா மறுத்துவிட்டாள். கடைசியில், போட்டியில் சேராத படமாக, வாஷ் ஓவியங்களின் வரிசை முடிகிற இடத்தில் மாட்ட ஒப்புக்கொண்டார்கள். தலைப்பைச் சாரங்கபாணியே எழுதி ஒட்டினார்.

கண்காட்சி திறந்த அன்று ஒரு பெரியவர் அதன் முன் நெடுநேரம் நின்றார். இவளா பாரதமாதா என்று தெலுங்கில் கேட்டார்.

“அவுனண்டி,” என்று ஆமோதித்தார் சாரங்கபாணி.

ஜமீலாவுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. அந்த வாரமே அடுத்த படத்தைத் தொடங்கினாள், அதையும் எண்ணெய்ச் சாயத்தில்தான்.