முரியலின் கையெழுத்து

எங்கள் ஊர் வினோதம் இது. வீட்டை விலை கொடுத்து வாங்குவோம், ஆனால் அது நம்முடையதாகாது. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் கடலைப் பார்த்து நிற்கும் எங்கள் கட்டடத்தின் மண் ஏதோ ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நாம் வாங்குவது குத்தகைக் காலத்தை மட்டும்தான். அது தேய்ந்து தீர்ந்தால் வீடும் கம்பெனிக்கே. பகல் கொள்ளைதான், ஆனால் சட்டப்படி.

மாடிவீட்டு லென் டாப்செல்லுக்கு மிச்சமிருந்தது இருபத்தாறு ஆண்டு. அவருக்கு அதுவே அதிகம், இதயம் பழுதாகி இரண்டு தடவை ஆஸ்பத்திரி போய் வந்துவிட்டார். கவலையெல்லாம் மகள் கில்லியனைப் பற்றி. நாற்பது வயது, மனசு ஏழு வயதில் நின்றுவிட்டது. பழகிய இந்த வீடும் இந்தத் தெருவும் இருந்தால் அவளால் சமாளிக்க முடியும். வேறு இடமென்றால் அழுதே உயிரை விடுவாள்.

"லென், இன்னும் என்ன யோசனை? கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினா குத்தகையில தொண்ணூறு வருஷம் கூட்டிக் கொடுத்துத்தானே ஆகணும், சட்டம் இருக்குல்ல?" என்று நான் நச்சரித்தேன்.

"அனுப்பிட்டேன் டாஃப்னி. நானே எழுதி, நானே தபால்ல போட்டுட்டேன். வக்கீலுக்கு எதுக்குத் தண்டம்?"

பெருமையாகத்தான் சொன்னார். ஆறு வாரம் கழித்து நோட்டீஸ் செல்லாது என்று கம்பெனி திருப்பி அனுப்பியது. நான் வாங்கிப் பார்த்தேன். பத்திரத்தில் இருக்கிறபடி இரண்டு பெயர், இரண்டு கையெழுத்து. லெனர்டு டாப்செல், முரியல் டாப்செல்.

அவர் மனைவி முரியல் இறந்து பதினோரு வருஷம். அவள் சாம்பலைக் கடலில் தூவியபோது நானும் கூட நின்றேன்.

"ஏன் லென், உங்களுக்கு மூளை கீளை இருக்கா? செத்தவ எப்படிக் கையெழுத்துப் போடுவா?"

அவர் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே இருந்தார். நிரம்பி வழிந்தது.

"கிறிஸ்துமஸ் அட்டையில எப்பவும் நான்தானே அவளுக்கும் சேர்த்துப் போடுவேன். கை பாட்டுக்குப் போட்டிருச்சு."

உண்மைதான். அவள் போன பிறகும் எங்கள் கதவிடுக்கில் டிசம்பர் தவறாமல் அட்டை விழும்: லென், முரியல், கில்லியன். நாங்களும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்வது மரியாதையில்லை என்று இருந்துவிட்டோம். எங்கள் மரியாதையில் இடி விழ.

மறுநாள் அவரை வக்கீலம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவள் நல்ல பெண், இதமாகவே பேசினாள். "முதல்ல பத்திரப் பதிவுலேர்ந்து அவங்க பேரை எடுத்துடுவோம். இறப்புச் சான்றிதழ் போதும், அதுக்குக் கட்டணமே கிடையாது."

படியிறங்கும்போது லென் நின்றுவிட்டார். "ஒரு பென்னி செலவில்லாம எடுத்துடலாமாம், டாஃப்னி. கேட்டியா?"

நான் அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

பெயர் போயிற்று. புது நோட்டீஸ் போயிற்று. கம்பெனி இழுத்தடித்தது, வக்கீலம்மா விடவில்லை. லென் ஒவ்வொரு மாதமும் இன்னும் கொஞ்சம் இளைத்தார். நவம்பரில் புதுக் குத்தகை கைக்கு வந்தது. நூற்றுப் பதினாறு ஆண்டு, ஒரே பெயர். கில்லியன் இனி எங்கும் போக வேண்டாம்.

டிசம்பரில் ஒரு மத்தியானம் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். மூச்சு வாங்கியதால் லென் கதவைப் பிடித்தபடியே நின்றார். இந்த முறை அட்டையைக் கில்லியன்தான் நீட்டினாள். நான் பிரித்தபோது தோளுக்கு மேலாக அவளும் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அம்மா பேரை மறந்துட்டே!"

"மறக்கலைடா கண்ணு," என்றார் லென். "இடம் பத்தலை."

அட்டையில் இரண்டு பெயருக்கும் கீழே பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடந்தது. கில்லியன் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அட்டையை மடித்துவிட்டேன்.