அழுக்கு இலை

தப்பு செடியக்காவுடையதுதான். எழுதிக் கொடுத்தாளே, அதுதான் தப்பு.

மாநகராட்சிப் பூங்காக்களில் பதினெட்டு வருடமாகத் தோட்டவேலை பார்க்கிறவள் அவள். குடியிருப்பது சரக்கு லாரிகள் ஓயாமல் போகிற சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில். சாலைக்கும் அவள் ஜன்னலுக்கும் நடுவே இருபதடி இருந்தால் அதிகம். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் மரம் வைக்கத்தான் அலுவலகம் சொன்னது. "மரம் மேல போய்க் குடை பிடிக்கும் சார், புகை அடியில புகுந்து வந்துடும். தரையிலிருந்தே அடர்த்தியா வர்ற செடிதான் வேணும்" என்று மல்லுக்கு நின்று, நான்கு வரிசைச் செடி வைத்து, ஆளுயரத்துக்குக் கொண்டுவந்தாள். பூனைகூட நுழைய முடியாது.

யாருக்காக அந்தப் பாடு என்று கட்டடத்துக்கே தெரியும். அவள் கணவர் இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். இப்போதும் எல்லாருக்கும் டிரைவர்தான். நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது. "நான் விட்ட புகைதான் விலாசம் விசாரிச்சுக்கிட்டு வீட்டுக்கே வருது" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். முன்பெல்லாம் ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியே கிடப்பார். செடி வளர்ந்த பிறகுதான் மனிதர் படுத்துத் தூங்கினார்.

நாலு மாதமாக மழையில்லை. இலையெல்லாம் கரியப்பிப் போயிருந்தது. சரி, கழுவிவிட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்குமே என்று, 'இலைகளில் அழுக்கு அதிகமாகிவிட்டதால் மாதம் ஒருமுறை தண்ணீர் லாரி அனுப்ப வேண்டுகிறேன்' என்று மேற்பார்வையாளரிடம் எழுதிக் கொடுத்தாள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

மூன்றாவது வாரம் மேற்பார்வையாளர் ஒரு உத்தரவோடு வந்தார். அழுக்கு அதிகமாகிவிட்டதாகப் பணியாளரே தெரிவித்திருப்பதால் செடிகளை அகற்றிவிட்டு, செயற்கை இலைத் தட்டி அமைக்க வேண்டுமாம். கீழே அவள் கடிதத்தையே சாட்சிக்குக் குத்தி வைத்திருந்தார்கள். கையோடு மாதிரி வேறு: ஒரு முழச் சதுரத்தில் பிளாஸ்டிக் இலை.

"பாரும்மா, எப்பவும் பச்சை. தண்ணியும் வேண்டாம், கத்திரியும் வேண்டாம். திங்கக்கிழமை பசுமை நகரப் பரிசுக் குழு வருது. கருப்பா இருக்கிற செடியையா காட்டுறது?"

"சார், அந்தக் கரி இலையில இருக்கிறதாலதான் எங்க நெஞ்சுல இல்ல."

"அழுக்குன்னு நீதானே எழுதினே?"

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. ஒரு இலையைக் கிள்ளி, கட்டைவிரலால் வழித்து, அந்த உத்தரவின் மேலேயே இழுத்தாள். கரிக்கோடு விழுந்தது. அந்த ஆள் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தபடி, "ஆபீஸ் பேப்பர்மா" என்றார். துடைப்பம் அழுக்காகிவிட்டதென்று வீடு பெருக்குவதையே நிறுத்துகிற மூளை! இந்த மூளைகளுக்குத்தான் ஜீப்பும் சுழல் நாற்காலியும்.

மூன்றாம் மாடிக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள். "வெட்டினா நல்லா வெளிச்சம் வரும்ல அக்கா" என்றார். மூன்றாம் மாடிக்கு எப்போது வெளிச்சம் வராமல் போனதோ, தெரியவில்லை.

சனிக்கிழமை காலை மேற்பார்வையாளர் வெட்டும் மெஷினோடு வந்து இறங்கினார். "நான் வெட்ட மாட்டேன்" என்றாள் அவள். அவளோடு வேலை பார்க்கிற இன்னொரு தோட்டக்காரரிடம் மெஷினைக் கொடுத்தார்கள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே கயிற்றை இழுத்துக் கிளப்பினார்.

அப்போதுதான் டிரைவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு, இரண்டு எட்டுக்கு ஒருமுறை நின்று நின்று வெளியே வந்தார். செடிக்கு அந்தப் பக்கம், சாலை ஓரத்தில், மெஷினுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"என்னங்க இது? உள்ள வாங்க."

"சும்மா, லாரி பாக்க வந்தேன். ரொம்ப நாளாச்சு."

மெஷின் நின்றது. ஆனால் செடியைக் காப்பாற்ற அவர் செடிக்கு வெளியே அல்லவா உட்கார வேண்டியிருந்தது! லாரி ஒவ்வொன்றும் அவர் முகத்திலேயே புகையைத் துப்பிவிட்டுப் போனது. கால் மணி நேரத்தில் உதடு நீலம் பாரித்துவிட்டது. மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஜீப்பில் சாய்ந்து நின்றார். அவரால் காத்திருக்க முடியும், டிரைவரால் முடியாது. அது அந்தப் பாவிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவள் கணவரைக் கக்கத்தில் தாங்கி உள்ளே கொண்டுபோய், மூச்சுக்கு மருந்துப் புகை விடும் கருவியைப் போட்டு, அதன் முகமூடியை அவர் மூக்கில் பொருத்தினாள். அது ஓடத் தொடங்கும்போதே வெளியே மெஷின் சத்தம் கேட்டது. அவர் பேச முடியாமல், போ போ என்று கையை ஆட்டினார்.

ஓடினாள். முதல் வரிசை முழுக்கத் தரையில் கிடந்தது. பின்னாலிருந்து போய் மெஷின் இன்ஜினின் ஸ்பார்க் பிளக் வயரைப் பிடித்து இழுத்தாள். விரல் சுட்டது, விடவில்லை. வயர் அறுந்து கையோடு வந்தது.

"ஏம்மா, அரசாங்கச் சாமான் அது. வேலை போயிடும்."

"போகட்டும்."

"ஆட்சேபணை இருந்தா முறையா எழுதிக் குடு. இது என்ன ரவுடித்தனம்?"

"எழுதினதுக்குத்தான் இந்தக் கதி. இனிமே உங்களுக்கு ஒரு எழுத்து எழுத மாட்டேன்."

அவர் போனை எடுத்து வேறொரு மெஷின் அனுப்பச் சொல்லத் தொடங்கினார். அதற்குள் ஜன்னலிலிருந்து இருமல் வந்தது. வழக்கமான இருமல் இல்லை. உள்ளே எதையோ பிடுங்கிப் பிடுங்கி எறிகிற இருமல். தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மேற்பார்வையாளர் மட்டும், ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்து பேசலாம் என்று கதவைத் திறந்தார்.

அவள் கதவைப் பிடித்தாள்.

"எங்க போறீங்க? நில்லுங்க சார். அவர் இருமி முடிக்கிற வரைக்கும் இங்கயே நின்னு கேளுங்க. அப்புறம் எந்த மெஷினை வேணாலும் வரச் சொல்லுங்க."

அவர் கதவை இழுத்துப் பார்த்தார். அவள் விடவில்லை.