மண்டோரின் நம்பர்

காலை எட்டு மணிக்கே வந்தும் புஷ்பவள்ளிக்கு அறுபத்திரண்டாம் எண்தான் கிடைத்தது. செனாய் நகரில் இருந்த அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாற்காலிகள் நிறைந்து, மிச்சப் பேர் வாசலில் நின்றார்கள். நிலையத்தின் கணினி வேலைகளைக் குத்தகைக்கு எடுத்திருந்த கம்பெனியிலிருந்து நாலாயிரம் பேரின் மருத்துவ விவரங்கள் திருடு போயிருந்தன. இழப்பீட்டு மனு கொடுக்க இன்று கடைசி நாள்.

திருடு போன பெயர்ப் பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றி வந்தபோது அவள் தொழிற்சாலைக் கேண்டீனில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பெயருக்கு நேராக ஹெபடைடிஸ் பி. பதினோரு வருடமாக அவள் ரத்தத்தில் இருக்கிறது. சாப்பாட்டில் ஒட்டாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். அன்று மதியம் அவள் முன்னால் ஒருவரும் தட்டை நீட்டவில்லை. மறுநாள் வேலை இல்லை. மூன்று மாதமாகிறது. வேலை போனவர்களுக்கு ஆறு மாதச் சம்பளம் என்று அறிவிப்பில் இருந்தது. மனுப் பாரத்தில் 'நேர்ந்த இழப்பு' என்ற கட்டத்தில் கேண்டீன் பெயர், தேதி எல்லாம் போட்டு எழுதி வைத்திருந்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணின் சட்டையில் பிரவீனா என்ற பெயர்ப்பட்டை. பேசுவதற்கு விட்டிருந்த ஓட்டை சின்னது. இரண்டு பக்கமும் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது.

"பேரு இருக்கு ஆண்டி. ஹெபடைடிஸ் பி தானே?"

புஷ்பவள்ளி தலையை ஆட்டினாள்.

"வாயால சொல்லணும். ரெக்கார்ட் ஆகுது."

"ஆமாம்மா."

"நோயோட பேர சொல்லுங்க. கேக்கல."

"ஹெபடைடிஸ் பி."

பின்னால் ஒரு நாற்காலி தரையில் தேய்ந்து நகர்ந்தது.

"ஓக்கே லா. இப்ப ஒங்க ஃபோனுக்கு ஆறு எண்ணு வரும். அஞ்சு நிமிஷத்துல சொல்லிருங்க."

வரவில்லை. பிரவீனா திரையைப் பார்த்தாள். "கடைசி நாலு எண்ணு மூணு ஒம்போது ஒம்போது ஏழு. ஒங்களுது தானே?"

அது மனோகரனுடையது. கேண்டீனுக்கு ஆள் சேர்த்துவிடுகிறவன். தோட்டத்து வேலையை விட்டு வந்து எத்தனையோ வருடமாகியும், அங்கே கங்காணியைச் சொல்வதுபோல அவளும் மற்றவர்களும் அவனை மண்டோர் என்றுதான் சொன்னார்கள். ஆட்கள் சிம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்று, வேலைக்குச் சேர்ப்பவர்களின் பரிசோதனைப் பாரங்களிலெல்லாம் தன் நம்பரையே எழுதுவான். அவளே சொன்னதுதான்: "ஒங்க நம்பரே போட்டுருங்க தம்பி, என்னுது எப்ப சாகும்னு தெரியாது."

"நம்பர மாத்த முடியாதாம்மா?"

"முடியும். பதினாலு நாளாகும் ஆண்டி. இன்னிக்குக் கடைசி."

கூப்பிட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"அலமாக், காலையிலேர்ந்து எல்லாரும் என்னையே கூப்புடுறீங்க. நான் என்ன நம்பர் கடையா வச்சிருக்கேன்?"

"தம்பி, ஆறு எண்ணு வந்திருக்கும். கொஞ்சம் படிங்க."

"வந்திருக்குக்கா. பாரத்துல எங்க கேண்டீன் பேரு போட்டிருக்கீங்களா?"

"நீங்கதானே நிப்பாட்டுனீங்க?"

"அதான் கேக்கறேன். பேரு கெட்டா கான்ட்ராக்ட் போயிரும். முப்பது பேரு இருக்காங்க. அந்தக் கட்டத்த அடிச்சிருங்க, படிக்கிறேன்."

"அடிச்சா எனக்கு என்னா கெடைக்கும்?"

"அடிக்கலன்னா மட்டும் என்னா கெடைக்கும்? ரெண்டு நிமிஷம் போச்சுக்கா. ஸ்பீக்கர்ல போடுங்க. அந்தப் புள்ள சொல்லட்டும், அடிச்சாச்சுன்னு."

கவுண்டரில் நூலில் கட்டித் தொங்கிய பேனாவை எடுத்தாள். எழுதியிருந்தது நாலு வரி. ஒவ்வொரு வரியாக அடித்தாள். நாலாவது வரியில் தாள் லேசாகக் கிழிந்தது. பாரத்தை உள்ளே தள்ளிவிட்டுத் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு ஓட்டைக்கு நேராகப் பிடித்தாள்.

பிரவீனா பாரத்தையும் அவள் முகத்தையும் பார்த்தாள். "அடிச்சிட்டாங்கண்ணே."

மனோகரன் ஆறு எண்களையும் நிறுத்தி நிறுத்திப் படித்தான். "வரட்டுமாக்கா, இன்னொருத்தர் லைன்ல இருக்காங்க" என்று வைத்துவிட்டான்.

"இழப்பு ஒண்ணும் காட்டலல்ல, அதனால சம்பளம் வராது, மொத வகைதான் ஆண்டி." பிரிண்டரிலிருந்து சீட்டு வந்தது. ஒரு முறை இலவச ரத்தப் பரிசோதனை, இதே நிலையத்தில். "கீழ ஒரு கையெழுத்து."

புஷ்பவள்ளி கையெழுத்துப் போட்டுப் பேனாவை விட்டாள். சீட்டை நாலாக மடித்து ஐசி அடையாள அட்டையோடு பைக்குள் வைத்தாள்.

அறுபத்து மூன்று என்று எண் எரிந்தது. ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்த ஆள் அவள் விலகும்வரை தள்ளியே நின்றான். பிறகு கவுண்டருக்கு வந்து, நூலில் இன்னும் ஆடிக்கொண்டிருந்த பேனாவைப் பார்த்தான்.

"வேற பேனா இருக்கா?" என்றான்.