‘தெரு’ என்றொரு கட்டம்

ஞாயிற்றுக்கிழமை கேரம் போட்டி. சனிக்கிழமை மாலை, வாசகர் வட்டத் தலைவர் பஞ்சநாதன் மேசைமீது விரித்த ஆட்ட அட்டவணையைப் பார்த்ததும் நூலகர் ஜோதியின் முகம் இறுகியது. செந்துறையை அடுத்த அந்தச் சிற்றூரின் கிளை நூலகத்தில் பதினாறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். இடப்பக்கம் மேலத்தெருக்காரர் எட்டுப் பேர். வலப்பக்கம் காலனிக்காரர் எட்டுப் பேர். இரு பக்கமும் சந்திப்பது இறுதி ஆட்டத்தில் மட்டும்.

“என்ன சார், ஊரை அப்புடியே வரைஞ்சு வச்சிருக்கீங்க?”

“சண்டை சச்சரவு வேணாம்னுதாம்மா. கடைசில ஒரே ஒரு ஆட்டம். அதை எப்புடியாச்சும் சமாளிச்சுக்கலாம்.”

கெட்ட மனிதரல்லர் அவர். ஓய்வுபெற்ற ஆசிரியர், நான்கு கேரம் பலகைகளையும் தம் வீட்டிலிருந்தே ஏற்றிவந்தவர், மேலத்தெரு எட்டுப் பேரில் ஒருவராக ஆடத் தாமும் பெயர் கொடுத்தவர். ஆனால், யார் எந்தத் தெரு என்று அவருக்குப் பிரித்துக் கொடுத்தது யார்? ஜோதியேதான்! நூலக உறுப்பினர் படிவத்தைப் பார்த்தே போட்டிப் படிவத்தையும் அடித்திருந்தாள். அதில் ‘தெரு’ என்றொரு கட்டம். கொண்டுபோன புத்தகம் திரும்பாவிட்டால் ஆளைத் தேட முகவரி வேண்டும். காயைச் சுண்டுகிற விரலுக்கு முகவரி எதற்கு? பழக்கத்தில் தன் கையே கோடு கிழித்துவிட்டதே என்று அவளுக்குத் தன்மீதே சினம் மூண்டது. ஒரே நாளிதழை இரு தெருவும் மடிக்கலாம், ஒரே புத்தகத்தை இரு தெருவும் புரட்டலாம். ஒரே ஸ்டிரைக்கரை மட்டும் தொடக்கூடாதா?

கத்தரிக்கோலை எடுத்தாள். பதினாறு படிவங்களிலிருந்தும் பெயரை மட்டும் நறுக்கி, மடித்து, ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினாள்.

காலனியில் தையல் கடை வைத்திருக்கும் கொளஞ்சியம்மாள், தன் ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்க அப்போதுதான் படியேறி வந்தாள்.

“வாங்கக்கா. ரெண்டு சீட்டு எடுங்க.”

முதல் சீட்டில் அவள் பெயரே இருந்தது. இரண்டாவதில், பஞ்சநாதன்.

“சார்கூடயா? போச்சு! மொத ஆட்டத்துலயே என்னய வூட்டுக்கு அனுப்பப் பாக்குறீங்களே!” என்று சிரித்தாள் கொளஞ்சியம்மாள்.

பஞ்சநாதன் சிரிக்கவில்லை. “இந்தக் குலுக்கலெல்லாம் சரிப்படாதும்மா. பலகை என்னுது.”

“எடுத்துட்டுப் போறதுன்னா போங்க சார். தரையில சாக்பீஸால கட்டம் போட்டுத் தாயம் ஆடுவோம். ஆனா, குலுக்குனது குலுக்குனதுதான்.”

ஜோதி எழுந்து, அறிவிப்புப் பலகையில் இரண்டு பெயர்களையும் எதிரெதிரே எழுதினாள்.

பஞ்சநாதன் எல்லாவற்றிலும் பெரிய கேரம் பலகையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். கனம் இழுத்தது, வாசலருகே தடுமாறினார். கொளஞ்சியம்மாள் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

“தனியா தூக்காதீங்க சார், இடுப்பு புடிச்சுக்கும். எங்க வைக்கணும், சொல்லுங்க.”

வாசல் வெயிலில் பலகை இருவர் கைகளுக்கும் இடையே மட்டமாக நின்றது. அதிலிருந்து உதிர்ந்த வெள்ளைப் பவுடர் இருவர் விரல்களிலும் ஒட்டியிருந்தது.