முதற்பிரதி வாங்க வந்தவர்

பேசாலைக் கோவிலில் மார்த்தாவுக்கு இடம் கடைசி வாங்கு, கதவோரப் பெஞ்சு. வாலிப வயதில் அவளை அங்கே இருத்தியவர் பெற்ற தகப்பன், மீன்பிடி முதலாளி யாகப்பர் சம்மாட்டி. அவர் செத்து, வலை போய், வள்ளம் போய், சண்டையில் ஊரே எழும்பி ஓடித் திரும்பி வந்த பிறகும் அந்த இடம் மாறவில்லை. முதல் வாங்கு யாகப்பர் குடும்பத்துக்கு. குடும்பத்தின் பெயரைக் கெடுத்தவளுக்கு அதில் இடமில்லை. அது சம்மாட்டி போட்ட சட்டம். மார்த்தா எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. கடைசி வாங்கிலும் முதுகு வளையாமல் சம்மாட்டியின் மகளாகவே இருந்தாள்.

ஆனால் பெயரைக் கெடுத்தவள் அவளல்ல. தங்கச்சி பெற்றிசியா.

முருங்கனுக்கு நெல் கொண்டுவரும் நறுவிலிக்குளத்துச் சரவணமுத்துவோடு பெற்றிசியா பழகினாள். வயிற்றில் பிள்ளையும் தங்கிவிட்டது. பஸ் நிலையத்தில் அவர்களைக் கண்ட யாரோ சம்மாட்டியின் காதில் போட்டார்கள். கண்டது சம்மாட்டியின் மகளைத்தான். எந்த மகள் என்று கண்டவருக்குத் தெரியவில்லை. "எவளடி அது?" என்று தகப்பன் கம்போடு நின்றபோது பெற்றிசியா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மார்த்தா முன்னுக்கு வந்து, "நான்தான்" என்றாள்.

பெற்றிசியாவுக்கு அவசரமாகத் தோமஸோடு கலியாணம் நடந்தது. கிறகரி குறைமாதப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டார்கள். சரவணமுத்துவைச் சம்மாட்டியின் ஆட்கள் அடித்து, மன்னார்த் தீவைக் கரையோடு இணைக்கும் பாலத்துக்கு அப்பால் போட்டார்கள். மார்த்தாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வேறு வீட்டில் பெண் எடுத்தான். தோமஸ் மனைவியையும் குழந்தையையும் கொழும்புக்குக் கூட்டிப்போய், பிறகு கனடாவுக்குப் போனார். அங்கேயே மண்ணாகவும் போனார்.

போன வருடம் ஒரு பின்னேரம் செபமாலை வாத்தியார் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்தார்.

"மார்த்தாக்கா, எங்கட வாசகர் வட்டம் இந்த வருசம் வாசிக்கச் சொல்லுற நாவல்களைத் தெரிவு செய்திட்டுது. குடும்பம், இரகசியம், அடையாளம், இதுதான் பொருள். முதலாவதாய் நிக்கிறது ஆரின்ர எண்டு நினைக்கிறியள்? உங்கட பெறாமகன் கிறகரியின்ர!"

"அவன் கார் திருத்துறவன் எண்டெல்லோ சொன்னவை?"

"இப்ப மனிசரைத் திருத்துறார்" என்று வாத்தியார் சிரித்தார். "கோவில் மண்டபத்திலை அறிமுக விழா. தாயும் வாறா. குடும்பத்திலை மூத்தவ நீங்கள். முதற்பிரதி நீங்கள்தான் வாங்க வேணும்."

புத்தகத்தை மேசையில் வைத்தவர் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் போனார். உள்ளே தன் கதை இருக்கிறது என்று அதிலேயே மார்த்தாவுக்கு விளங்கிவிட்டது.

'பாதி இமை' என்று பெயர். ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருந்தான். நெல்லுக்காரனோடு கெட்டுப்போன பெரியம்மா. பெற்ற பிள்ளையைக் கன்னியர் மடத்து வாசலில் விட்டுவிட்டு ஒன்றும் நடவாததுபோல் கோவிலின் கடைசி வாங்கில் செபமாலை உருட்டுகிற பெரியம்மா. தமக்கையின் வெட்கத்தைக் கண்ணீரோடு சுமந்த தாய் ஒரு புனிதவதி. கதாநாயகனுக்கு இடது கண்ணிமை பாதி மூடியபடி. முத்துக் குளித்த பூட்டனின் கண்ணைக் கடல் உப்பு அரித்ததாம். பரம்பரை பரம்பரையாக வந்த சொத்தாம்.

மார்த்தா வாய்விட்டுச் சிரித்தாள். கிறகரியின் பூட்டன், அதாவது அவளுடைய பாட்டன், வலைக்காரன். ஒரு நாளும் முத்துக் குளித்ததில்லை. அந்த இமையை அவள் முருங்கனில், நெல் மூட்டைகளுக்கு நடுவில் கண்டிருக்கிறாள்.

விழாவுக்கு வந்த பெற்றிசியா மன்னார் டவுனில் ஒரு விடுதியில் தங்கியிருந்தாள். மார்த்தா போய் அவளுக்கு முன்னால் கதிரையில் இருந்தாள்.

"பிள்ளையை நான் மடத்திலை விட்டனான் எண்டும் நீதான் சொன்னனியோ?"

"அவன் கேட்டுக்கொண்டே இருந்தான் அக்கா. ஏதோ ஒண்டு சொல்லத்தானே வேணும்."

"அவனுக்கு உண்மையைச் சொல்லு. சபைக்குச் சொல்ல வேண்டாம். 'இது என்ர பெரியம்மாவின்ர கதை இல்லை' எண்டு மேடையிலை அவன் ஒரு வசனம் சொன்னால் எனக்குக் காணும்."

"என்னக்கா விசர்க்கதை? அது கதைதானே!" பெற்றிசியா காப்பைத் திருகினாள். "எனக்கு மருமகள், பேரப்பிள்ளையள் இருக்கினம். உனக்கு ஆர் இருக்கினம்? நீ இழக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

மார்த்தா தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டில் வைத்தாள். தன் வாழ்க்கையைத் தங்கச்சிக்குத் தூக்கிக் கொடுத்ததாக அவள் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். வாங்கியவளோ அதை வீதியில் கண்டெடுத்த பொருளாக அல்லவா நினைத்திருக்கிறாள்.

"சரி தங்கச்சி" என்று எழுந்தாள். அன்றைக்கு அப்பாவுக்குச் சொன்ன பொய்யை அவள் காப்பாற்றியது குடும்பத்தின் மானத்துக்காக. அந்த மானத்தை அட்டை போட்டு விற்கிறார்கள். இனி அவளுக்குக் காக்க மிச்சமிருப்பது தன்னுடையது ஒன்றுதான்.

அடுத்த நாள் முருங்கன் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து ஓட்டோவில் நறுவிலிக்குளம் போனாள். சரவணமுத்து வாசலில் வைக்கோல் உதறிக்கொண்டு நின்றார். தலை வெளுத்துவிட்டது. இடது இமை அப்படியே இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"சம்மாட்டியின்ர மூத்தவ. அடிக்க ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்தனியளோ?"

"இந்த முறை அடிக்கப் போறது நான். நீங்கள் வந்து நிண்டால் காணும்."

அவர் வைக்கோலைக் கீழே போட்டார். "பாலம் தாண்ட மாட்டன் எண்டு சத்தியம் செய்தனான்."

"உங்கட பொடியன்ர கையாலை ஒரு புத்தகம் வாங்க வேணும்."

அவர் திண்ணையில் போய் இருந்தார். "என்ன சொல்ல வேணும்?" என்று பிறகு கேட்டார்.

"ஒண்டும் சொல்லாதேங்கோ. வேட்டி சால்வையோடை வாங்கோ. கண்ணாடி மட்டும் போடாதேங்கோ."

திரும்பும் வழியில் மருத்துவிச்சி மாக்கிறட் வீட்டில் ஏறி, அவளையும் விழாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் மார்த்தா வீடு சேர்ந்தாள்.

விழாவன்று மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் பெற்றிசியா பட்டுச் சேலையோடு இருந்தாள். செபமாலை வாத்தியார் ஆய்வுரையில் அந்த இமையைப் பற்றிய பக்கத்தை உருகி உருகி வாசித்தார். "எழுத்தாளரே அதுக்குச் சாட்சி" என்று அவர் கைகாட்ட, கிறகரி சிரித்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றிச் சபைக்குக் கண்ணைக் காட்டினான். சனம் கைதட்டியது.

"முதற்பிரதியைப் பெற, குடும்பத்தின் மூத்தவர் மார்த்தா அம்மையாரை அழைக்கிறோம்."

மார்த்தா இருந்த இடத்தில் எழுந்தாள். "எனக்கு முழங்கால் நோ, படி ஏற ஏலாது. என்னைவிட உரிமை உள்ள ஒருத்தர் வந்திருக்கிறார். அவர் வாங்குவார்."

பின்வரிசையிலிருந்து சரவணமுத்து நடந்து வந்தார். படியேறி வெளிச்சத்தில் நின்றார். புத்தகத்தை நீட்டிய கிறகரியின் கை பாதியில் நின்றது. ஒரே நெற்றி, ஒரே நாடி, ஒரே இடது இமை. சால்வை போர்த்த பழைய முகமும் கோட்டுப் போட்ட புது முகமும் ஒன்றையொன்று பார்த்தன.

"ஐயா... நீங்கள்?"

"நறுவிலிக்குளம்" என்றார் சரவணமுத்து. அதற்குமேல் அவரால் வாயைக் கட்ட முடியவில்லை. "சுகமாய் இருக்கிறியளோ தம்பி?"

சனம் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தது. இரண்டாம் வரிசையில் யாரோ ஒருத்தி பக்கத்திலிருந்த மாக்கிறட்டின் காதில் உரக்கக் கேட்டாள்: "அப்ப கிறகரிதான் மார்த்தா மடத்திலை விட்ட பிள்ளையோ?"

மருத்துவிச்சிக்குக் காது மந்தம், தொண்டை மந்தமில்லை. "எந்த மடம்? பெற்றிசியாவின்ர வயித்திலிருந்து என்ர இந்தக் கையாலை எடுத்த பிள்ளை! குறைமாதம் எண்டினம். நல்ல கொழுத்த பிள்ளை!"

ஒரு சிரிப்பு வெடித்து, அடங்கியது. கிறகரி புத்தகத்தை நெஞ்சோடு பிடித்தபடி தாயைப் பார்த்தான். பெற்றிசியா தலை குனிந்தாள். அவனுக்கு அதற்கு மேல் பதில் வேண்டியிருக்கவில்லை. சரவணமுத்து மெல்லக் கையை நீட்டி, அவன் பிடியிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

ஏற்புரை நடக்கவில்லை. கதிரைகளுக்கு நடுவே பெற்றிசியா தமக்கையின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, என்ன வேலை செய்து போட்டாய்! என்னை உயிரோடை கொன்று போட்டியே!"

மார்த்தா அந்தக் கையை விரல் விரலாகக் கழற்றினாள்.

"ஏன் அழுகிறாய் தங்கச்சி? அது கதைதானே."

அடுத்த ஞாயிறு பூசைக்கு முதல் மணி அடித்தபோது மார்த்தா பெரிய வாசலால் வந்தாள். கடைசி வாங்கைத் திரும்பியும் பார்க்காமல் நடுவால் நடந்தாள். பெற்றிசியா வராததால் வெறுமையாகக் கிடந்த முதல் வாங்கின் நடுவில் உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்தாள். அவள் பக்கத்தில் வந்து இருக்க அன்றைக்கு ஒருவரும் துணியவில்லை. அவளும் யாருக்காகவும் ஒதுங்கி இடம் விடவில்லை.