இடப்பக்கம் சுழலும் பூக்கள்

தாராவியில் துண்டுத்துணிப் பூக்கள் தைத்து விற்கும் சங்கரேஸ்வரி, வெள்ளிக்கிழமை மாட்டுங்காவில் பத்மஜாவின் கடைக்குப் போனபோது, வேறொருவர் தைத்த பூக்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தாள். இதழ்கள் இடப்பக்கமாகச் சுழன்றிருந்தன. இடதுகைக்காரி ஒருத்திதான் அப்படித் தைப்பாள்.

“இத யாரு குடுத்தா?”

“நெருள்லேர்ந்து ஒருத்தி அனுப்பறா. பிச்சம்மாள்னு பேரு” என்றாள் பத்மஜா.

சங்கரேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷத்துக்கு முன் அவளும் இடதுகைக்காரி பிச்சம்மாளும் ஒரே சட்டைப் பட்டறையில் அடுத்தடுத்த மெஷினில் தைத்தவர்கள். மத்தியானம் சாப்பிட்ட கையோடு, தரையில் கிடக்கும் துண்டுத்துணிகளைப் பொறுக்கிப் பூ தைத்துக் கொண்டையில் வைத்துக்கொள்வார்கள். மழைக்காலத்தில் மல்லிகை விலை ஏறினால், பட்டறைப் பெண்கள் அத்தனை பேர் தலையிலும் கோடுபோட்ட சட்டைத்துணிப் பூதான். பட்டறையை மூடியதும் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள்.

பத்மஜா கொடுத்த நம்பருக்கு அங்கேயே நின்று போன் போட்டாள்.

“ஏட்டி பிச்சு, நான் சங்கரி பேசுதேன்.”

 “எந்தச் சங்கரி? என் கத்திரிய வாங்கிட்டுப் போயி திருப்பித் தராத சங்கரியா?” என்று கேட்டாள் பிச்சம்மாள்.

“அவளேதான். உன் கத்திரிதான் இன்னும் எனக்குச் சோறு போடுது.”

“அப்ப ஞாயித்துக்கெழம அதையும் தூக்கிட்டு வா. மீன்கொழம்பு வைக்கேன்.”

ஞாயிறு காலை சங்கரேஸ்வரி நெருளுக்கு ரயிலேறினாள். தலை நரைத்து வாசலில் நின்ற பிச்சம்மாள் கத்திரியைக் கேட்கவே இல்லை. தோழியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.