மங்குஸ்தான் மேட்டில் கொழுஞ்சி

என் கொழுந்தன் யாக்கூப்புக்கு எந்த நல்ல காரியத்தையும் யாரையும் கேட்காமல் செய்துவிடுகிற குணம். அன்று சாங்கியில் வண்டியை விட்டு இறங்கி என் தோட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, முக்காட்டை இழுத்து வாயில் அடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மேட்டுச் சரிவு முழுக்க மங்குஸ்தான் மரங்கள். என் வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்தவை. அவற்றை வெட்டிவிட்டு ரப்பர் நடவேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் ஆசை. அந்த வருஷம் சிங்கப்பூரே ரப்பர் பைத்தியம் பிடித்து அலைந்தது. சிராங்கூன் சாலையில் எங்கள் ஜவுளிக்கடைக்குக் கைலி வாங்க வந்தவர்கள்கூட ரப்பர் விலையைச் சொல்லிவிட்டுத்தான் கைலியைப் பிரித்துப் பார்த்தார்கள்.

மரங்களும் அவர் பேச்சுக்கு ஏற்றாற்போல இலை பழுத்து நின்றன. காய் கோலிக்குண்டு அளவு. ஏன் அப்படி என்று எனக்குத் தெரியும். தோட்டம் என்றால் புல் பூண்டு இல்லாமல் வழித்து வைக்கவேண்டும், அதுதான் அழகு, அதுதான் கௌரவம் என்று இங்கே எல்லாருக்கும் ஒரு நினைப்பு. மாதாமாதம் மண்வெட்டியோடு ஆட்கள் வந்து சுரண்டுவார்கள். மங்குஸ்தானுக்கு வேர் மேலாகத்தான் ஓடும். மண்வெட்டி அதையும் சேர்த்துக் கொத்தும். பிறகு மழை வந்து சிவப்பு மண்ணைக் கரைத்துக் கால்வாயில் கொண்டுபோய்த் தள்ளும். கிணற்றுக்குப் பின்னால் யாரும் எட்டிப் பார்க்காமல் செடி மண்டிக் கிடந்த மூலையில் மட்டும் ஒரு மரம் கரும்பச்சையாகக் கொழித்து நின்றது. கண் இருக்கிறவர்களுக்கு அது போதாதா?

ஊரில் வயலுக்குத் தழையுரமாகப் போடும் கொழுஞ்சியின் விதையை ராமநாதபுரத்திலிருந்து கப்பலில் வரவழைத்தேன். மணலோடு தேய்த்து மழைக்கு முன்னால் விதைத்தேன். முழங்கால் உயரம் வந்து ஊதாப்பூ பூத்ததும் அறுத்து மரத்தைச் சுற்றிப் போட்டேன். அடிக்கட்டை மறுபடி தழைத்தது. தழை மக்கியது, மண் கறுத்தது, மண்புழு வந்தது.

"கொழுஞ்சியை வயல்ல போட்டு மிதிப்பாங்க. புறம்போக்குல தானா மொளைக்கும். அதைக் காசு குடுத்து வாங்கித் தோட்டத்துல வளக்குறவ நீ ஒருத்திதான்" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர் ஒலி முகம்மது.

"அது மண்ணைப் பிடிச்சு வைக்கும். ஒரு வருஷம் பாருங்க. மரம் தேறலேன்னா நானே கோடாலி எடுத்துத் தாரேன்" என்றேன்.

வருஷம் முடிந்தது. மரங்கள் புதுத்தளிர் விட்டிருந்தன. ஆனால் அதை அவர் வந்து பார்த்தால்தானே! கூப்பிடும்போதெல்லாம் துணியை அளந்துகொண்டே "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். ரப்பர் கன்றுக்கு மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அடுத்த வாரம் மரம் வெட்ட ஆள் வருவதாக இருந்தது. அதனால்தான் அந்த முறை நபி புகழ் பாடும் மவ்லூது ஓதி நெய்ச்சோறு போடுவதைத் தோட்டத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். பள்ளிவாசல் ஜமாத்து ஆட்களோடு அவரும் வந்துதானே ஆகவேண்டும்? வந்தால் பச்சையைப் பார்த்துத்தானே ஆகவேண்டும்?

அந்தப் பச்சையைத்தான் யாக்கூப் முந்தின நாளே ஆள் வைத்து வழித்திருந்தான்.

சரிவின் நடுவே ஒரு ஒற்றையடிப்பாதை இறங்கும். அதற்கு இடப்பக்கம், சாலையிலிருந்து கண்ணில் படுகிற பக்கம், மொட்டை அடித்த தலை மாதிரி இருந்தது. வேரோடு பிடுங்கிய கொழுஞ்சி வேலியோரம் குவிந்து கிடந்தது. வலப்பக்கத்துக்குப் போவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டதாம்.

"மதினி, எப்படி இருக்கு?" என்றான் பல் எல்லாம் தெரிய. "நாலு பெரிய மனுசன் வர்ற எடம். உங்க தோட்டம் கேவலமா கெடக்குன்னு ஒருத்தர் சொல்லிடக் கூடாதுல்ல?"

பாசத்தோடுதான் செய்திருக்கிறான். அதனால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை.

வந்த ஆண்களெல்லாம் இடப்பக்கம் பந்தலின் கீழே பாய் விரித்து உட்கார்ந்தார்கள். "மாஷா அல்லா, தோட்டம்னா இப்படியில்ல இருக்கணும்" என்றார் ஒரு பெரியவர். என் வீட்டுக்காரர் பெருமையோடு தலையை ஆட்டினார். நான் தோட்டத்துக் காவல் குடிசைக்குள் பெண்களோடு நின்று, திரைச்சீலையைக் கசக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷப் பாடு. அதைப் பிடுங்கி எறிந்த இடத்தில் உட்கார்ந்து பாராட்டுகிறார்கள்.

ஓதி முடித்து சோற்றுத் தட்டு வைக்கும்போது வானம் இருட்டியது. இந்த ஊர் மழை கேட்டுக்கொண்டா வரும்? கொட்டித் தீர்த்தது. வழித்த மண் அரை நாழிகையில் சிவப்புக் கூழாகி இறங்கியது. பந்தல்கால் சாய்ந்தது. பாய் நகர்ந்தது. ஜமாத்துத் தலைவரின் ஒற்றைச் செருப்பு கால்வாயை நோக்கிப் போயே போய்விட்டது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் எல்லாம் வழுக்கி, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, பாதையைத் தாண்டி வலப்பக்கம் ஓடினார்கள். அங்கே முழங்கால் உயரக் கொழுஞ்சிக்குள் காலை ஊன்றி நின்றார்கள். ஒருவர்கூட வழுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் பாதையிலேயே நனைந்துகொண்டு நின்றார். ஒரு பக்கம் மண் ஓடியது. மறுபக்கம் தண்ணீர் மட்டும் வடிந்தது. இடப்பக்கம் ஒரு மரத்தின் அடியில் வேர் வெளியே தெரிந்தது. குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வலப்பக்கம் போய், தழையை விலக்கி ஒரு கை மண் அள்ளினார். நிமிர்ந்து அங்கே நின்ற மரத்தின் தளிரையும் பார்த்தார்.

மழை விட்டதும் அந்தப் பெரியவர் கேட்டார்: "ஏம்ப்பா ஒலி, இந்தப் பக்கத்தை மட்டும் ஏன் வழிக்காம விட்டே?"

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "நான்தான் விட்டு வைக்கச் சொன்னேன். அது மண்ணைப் பிடிச்சு வைக்கும்."

என் வார்த்தை! ஒரு எழுத்துக்கூட மாற்றாமல்!

"அண்ணே, எங்கிட்ட சொல்லவே இல்லையே!" என்று யாக்கூப் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அப்ப மரத்தை வெட்டி ரப்பர் போடுறதா சொன்னியே?" என்று கேட்டார் பெரியவர்.

"இந்த மரத்தையா? எவன் சொன்னான்?" என்று கோபப்பட்டார் என் வீட்டுக்காரர்.

திரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து கேட்டிருப்பேன். ஆனால் கேட்டால் அவர் முகம் போகும். முகம் போனால் வீம்பு வரும். வீம்பு வந்தால் கோடாலி வரும். விழுங்கிக்கொண்டேன். கசந்தது. மரம் பிழைத்துவிட்டதே என்று அழுகையும் வந்தது.

திரும்பும்போது வண்டியில் அவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மைமூன், இங்க பாரு. கொழுஞ்சி வெறும் காட்டுச்செடின்னு நெனச்சிடாதே. அதோட வேர் இருக்கே..." என்று ஆரம்பித்தார்.

வீடு வந்து சேரும்வரை நான் 'ம்' கொட்டிக்கொண்டே வந்தேன்.